வக்கீல் மேல் புகார் எழுத வருகிறவர்களுக்கு ஒரு டைப்பிஸ்ட் சொல்வது

கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் என் டைப்பிங் கடை. 1999-ல் ஒரு ரெமிங்டன் டைப்ரைட்டரோடு உட்கார்ந்தேன். இப்போது கம்ப்யூட்டரும் ஜெராக்ஸ் மெஷினும் வந்துவிட்டன, வேலை மட்டும் அதேதான்: பிராது, பதிலுரை, தடை மனு, தாமத மன்னிப்பு மனு. வருகிறவர்களில் பாதிப் பேர் வக்கீல்களும் குமாஸ்தாக்களும். மீதிப் பேர் அவர்களுடைய கட்சிக்காரர்கள். அதனால் யாராவது குரலைத் தாழ்த்தி, "அக்கா, எங்க வக்கீல் மேலயே ஒரு புகார் அடிக்கணும்" என்றால், முதலில் அவரை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டூலில் உட்கார வைப்பேன். முன்பக்கம் உட்கார்ந்தால் அந்த வக்கீலின் குமாஸ்தாவே ஆதார் நகல் எடுக்க வந்து நிற்பார். இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது.

நான் சட்டம் படித்தவள் இல்லை. அடித்து அடித்துத் தெரிந்துகொண்டது பாதி, பட்டுத் தெரிந்துகொண்டது மீதி. பட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உதாரணத்துக்கெல்லாம் அதையேதான் எடுக்கப் போகிறேன்.

அம்மா வழி வீட்டுக்காக 2014-ல் ஒரு பாகப்பிரிவினை வழக்குப் போட்டோம். பிராதை அடித்தது நானே. வக்கீலும் என் கடைக்குப் பல வருஷ வாடிக்கை. "ஜட்ஜ் லீவும்மா", "எதிர்க்கட்சி கவுன்டர் போடல", "அடுத்த வாய்தா ஜூலையில" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2018 மே மாதம், கோர்ட்டு விடுமுறையில் கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, பிரின்ட் எடுக்க வந்த ஒரு லா காலேஜ் பையன் போனில் வழக்கு நிலவரம் பார்க்கிற ஈகோர்ட்ஸ் ஆப்பைக் காட்டினான். விளையாட்டாக என் வழக்கு நம்பரைச் சொன்னேன். 14.3.2017 அன்று வாதி தரப்பில் யாரும் ஆஜராகாததால் தள்ளுபடி என்று வந்தது. பதினாலு மாசம் முன்னாலேயே செத்துப்போன வழக்குக்கு நான் வாய்தா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. 2017 ஆகஸ்டில், "வீட்டை அளக்க கமிஷனர் போடணும்" என்று 6,000 ரூபாய் வாங்கியிருந்தார். கோர்ட்டு வாசலிலேயே கிட்டத்தட்ட இருபது வருஷம் உட்கார்ந்திருந்த எனக்கே இது நடந்தது.

தோற்றது வேறு, ஏமாந்தது வேறு

பின்பக்க ஸ்டூலில் உட்காருகிறவர்களில் பலருக்கு நான் அடிக்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கேஸ் தோற்றுவிட்டது, எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் மானத்தை வாங்கிவிட்டார், ஃபீஸ் அதிகம், போன் எடுப்பதில்லை. இவற்றில் வருத்தம் இருக்கிறது, புகாருக்கான சரக்கு இல்லை. முக்கியமாக எதிர்க்கட்சியின் வக்கீல் மேல் கோபத்தோடு வருகிறவர்கள்: அவர் உங்களுக்கு வக்கீல் இல்லை, தன் கட்சிக்காரருக்காகச் சத்தமாகப் பேசியது குற்றமும் இல்லை.

புகாருக்கு வாசல், வழக்கறிஞர்கள் சட்டம், 1961-ன் 35-ஆவது பிரிவு. ஒரு வக்கீல் தொழில் ஒழுங்கீனமோ வேறு ஒழுங்கீனமோ செய்தார் என்று நம்பக் காரணம் இருந்தால், வக்கீல்களைப் பதிவு செய்து கண்காணிக்கிற மாநில பார் கவுன்சில் அதைத் தன் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது அது. எது ஒழுங்கீனம் என்று சட்டம் விளக்கவில்லை. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 6-ஆம் பகுதி, 2-ஆம் அத்தியாயத்தைப் பார்க்க வேண்டும். கட்சிக்காரருக்கு வக்கீல் பட்ட கடமைகள் அங்கே 11-ஆம் விதியிலிருந்து 33 வரை வருகின்றன. எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். என் கடைக்கு வருகிற புகார்களில் அடிக்கடி தலைகாட்டுகிறவை இவை.

பணக் கணக்கு முதலாவது. கட்சிக்காரர் தந்த பணத்துக்கு வக்கீல் கணக்கு வைத்திருக்க வேண்டும், எது ஃபீஸ், எது செலவுக்கு என்று பிரித்துக் காட்ட வேண்டும், கேட்டால் கணக்கின் நகல் தர வேண்டும். செலவுக்கு என்று வாங்கியதைச் சொல்லாமல் ஃபீஸில் சேர்த்துக்கொள்ளக் கூடாது. 25 முதல் 30 வரையிலான விதிகள் இதைத்தான் சொல்கின்றன. கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் வாங்கப் பணம் வாங்கிவிட்டு வழக்கே போடாமல் இருப்பது, கோர்ட்டில் கட்டச் சொன்ன வாடகைப் பாக்கியைக் கட்டாமல் வைத்துக்கொள்வது, கட்சிக்காரர் பேரில் வந்த நஷ்டஈட்டைத் தராமல் இழுப்பது எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

அடுத்தது பலருக்குத் தெரியாத 20-ஆம் விதி. "ஜெயித்து வருவதில் நூற்றுக்கு இருபது எனக்கு" என்று பேசுவதே தப்பு. வாகன விபத்து வழக்குகளில் இது ஊரறிந்த வழக்கமாகிவிட்டதால், கட்சிக்காரர்களே அதைச் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் சிரிக்கிறார்கள்.

உங்களுக்கு ஆலோசனை சொன்ன வழக்கிலேயே எதிர்க்கட்சிக்கு ஆஜராவது 33-ஆம் விதிப்படி தப்பு. சரியான காரணமும் போதிய அவகாசமும் இல்லாமல் நடுவில் விலகுவது 12-ஆம் விதி. அப்படி விலகினால் வேலை செய்யாத பங்குக்கான ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும். தான் நடத்திய வழக்கின் தீர்ப்பை நிறைவேற்ற ஏலம் விடப்படும் சொத்தைத் தானே ஏலம் எடுக்கக் கூடாது என்பது 22. பொய்க் கையெழுத்து, போலி உத்தரவு போன்றவற்றுக்கு விதி நம்பர் தேடவே வேண்டாம்.

வெறும் கவனக்குறைவு இருக்கிறதே, அதுதான் சிக்கல். ஒரு வாய்தாவுக்கு வராமல் போனதாலேயே ஒரு வக்கீல் ஒழுங்கீனம் செய்தவர் ஆகிவிட மாட்டார். சாதாரண அசட்டை வேறு, படுமோசமான அசட்டை வேறு என்று உச்ச நீதிமன்றம் 1963-லேயே பிரித்துச் சொல்லியிருக்கிறது. என் விஷயத்தில் மார்ச் மாதம் வழக்குத் தள்ளுபடியானதை மட்டும் எழுதியிருந்தால், "மறந்துட்டேன் சார்" என்று அவர் தப்பித்திருக்கலாம். ஆகஸ்டில் வாங்கிய 6,000 ரூபாய்க்கு மறதியைக் காரணம் சொல்ல முடியவில்லை. உங்கள் கதையிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த இடத்தில்தான் புகார் நிற்கும்.

புகாருக்கு முன்னால் வழக்கைக் காப்பாற்றுங்கள்

பார் கவுன்சில் வக்கீலைத் தண்டிக்கும், உங்கள் வழக்கைத் திரும்ப எடுத்துத் தராது. இதைச் சொன்னால் முகம் சுருங்காதவர்களைப் பார்த்ததில்லை. ஆஜராகாததால் தள்ளுபடியான வழக்கைத் திரும்ப எடுக்கவும், நீங்கள் வராததால் உங்களுக்கு எதிராகத் தந்த எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யவும் கெடு 30 நாள். தாண்டிவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லித் தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போட வேண்டும். புகாரை ஒரு மாதம் கழித்துக்கூட எழுதலாம், இதற்கு ஒரு நாளும் பொறுக்காதீர்கள். வக்கீல் செய்த தப்புக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1981-ல் சொன்ன தீர்ப்பு இன்றும் இத்தகைய மனுக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. புது வக்கீலுக்கு அது தெரிந்திருக்கும்.

இங்கே ஒரு கண்ணிவெடி. தாமத மன்னிப்பு மனு என்றாலே எங்கள் பக்கத்தில் மஞ்சள் காமாலைதான். "மனுதாரர் மஞ்சள் காமாலை நோயால் பாதிக்கப்பட்டு, நாட்டு மருத்துவம் பார்த்து, படுத்த படுக்கையாக இருந்ததால்" என்ற வரியை நான் எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சக வக்கீலைப் பற்றி எழுதக் கூச்சப்பட்டு, புது வக்கீல் இந்த வரியைப் போட்டுவிடுவார். நீங்களும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். பிறகு பார் கவுன்சிலில், "வக்கீல் சொல்லாமல் மறைத்ததால்தான் எனக்குத் தெரியவில்லை" என்று நீங்கள் சொல்லும்போது, அந்த வக்கீல் காமாலை மனுவின் சான்றிட்ட நகலை எடுத்து நீட்டுவார். கதை முடிந்தது. ஆகவே கோர்ட்டு மனுவிலும் புகாரிலும் ஒரே காரணம்தான் இருக்க வேண்டும், அது உண்மையான காரணமாக இருக்க வேண்டும். என் மனுவில் உள்ளதை உள்ளபடி நானே அடித்தேன். 2,000 ரூபாய் செலவுத்தொகை கட்டச் சொல்லி வழக்கைத் திரும்ப எடுத்தார்கள்.

கட்டு, வக்காலத்து, இன்ன பிற காகிதம்

"ஃபீஸ் பாக்கியைத் தந்தால்தான் கட்டைத் தருவேன்" என்பது தினமும் என் காதில் விழுகிற வசனம். வழக்குக் கட்டை, அதாவது ஃபைலை, ஃபீஸுக்காகப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்றும், கேட்ட பிறகும் தராமல் இருப்பது ஒழுங்கீனம் என்றும் 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஃபீஸ் பாக்கி இருந்தால் அவர் தனியாக வசூலிக்கும் வழியைப் பார்க்கட்டும். எனவே வாயால் கேட்டுக்கொண்டு அலையாமல், ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: இன்ன நம்பர் வழக்கின் கட்டு, நான் தந்த மூலப்பத்திரங்கள், நான் தந்த பணத்தின் கணக்கு ஆகியவற்றைப் பத்து நாளில் தரவும். ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். கட்டு வந்தால் நல்லது. வராவிட்டால் அந்தக் கடிதமும் ஒப்புகையும் புகாரின் ஓர் ஆவணம் ஆகிவிடும். இரண்டிலும் உங்களுக்கு லாபம்தான்.

பழைய வக்கீல் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதித் தராததால் புது வக்காலத்துப் போட முடியாமல் தவிக்கிறவர்களும் உண்டு. கோர்ட்டின் அனுமதி பெற்று வக்காலத்தை மாற்றலாம், புது வக்கீல் அதற்கு மனுப் போடுவார்.

அடுத்து, ஆதாரம். முதலில் வக்காலத்தின் நகல். அவர் உங்கள் வக்கீல் என்பதற்கு அதுதான் சாட்சி, பெரும்பாலும் அவருடைய என்ரோல்மென்ட் நம்பரும், அதாவது பார் கவுன்சில் பதிவு எண்ணும், அதில் இருக்கும். தமிழ்நாட்டில் அது எம்.எஸ். என்று தொடங்கி, ஒரு எண்ணும் வருஷமுமாக இருக்கும். அந்த நம்பரைப் பார்த்து எழுதுங்கள், ஒரே பெயரில் பத்து வக்கீல் உண்டு. நம்பரே இல்லாத ஆள் என்று தெரிந்தால் விஷயம் வேறு: பார் கவுன்சில் பதிவேட்டில் இல்லாதவரை அவர்கள் விசாரிக்க முடியாது. வக்கீல் என்று சொல்லிக்கொண்டு கோர்ட்டில் ஆஜராவதே குற்றம், 45-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. அதற்குப் போலீஸ்.

ஈகோர்ட்ஸில் உங்கள் வழக்கின் ஒவ்வொரு வாய்தாவும் தேதியோடு வரும். அதை பிரின்ட் எடுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். கோர்ட்டில் நகல் மனுப் போட்டுத் தள்ளுபடி உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். பணத்துக்கு வங்கிப் பாஸ்புக், சலான், ஜிபே விவரம். நான் அந்த 6,000 ரூபாயை அவர் வங்கிக் கணக்கில் கட்டியிருந்தேன், சலானின் அடிக்கட்டை என் தையல் டப்பாவில் கிடந்தது. கையில் தந்த பணம் என்றால், அப்போது கூட இருந்தவரின் அபிடவிட், அதாவது சத்தியம் செய்து எழுதித் தரும் வாக்குமூலம். வாட்ஸ்அப் பேச்சை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதாது, அந்த போனையும் பத்திரமாக வைத்திருங்கள். மின்னணு ஆவணத்தோடு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆவது பிரிவுச் சான்று சேர்க்கச் சொல்லலாம். மூலத்தை மட்டும் எங்கேயும் கொடுத்துவிடாதீர்கள். நகலைக் கொடுத்து, விசாரணை நாளில் மூலத்தைக் காட்டுங்கள்.

எழுதுவது எப்படி

ஒரு பெரியவர் நோட்டுப் புத்தகத்தில் பதினோரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். முதல் பக்கத்திலேயே, "இவன் குடும்பம் விளங்காது" என்று இருந்தது. நான்காம் பக்கம் வரை வக்கீலின் கார், அவர் கட்டிய வீடு, அவர் மச்சான். நிலம் எங்கே இருக்கிறது என்பதே ஏழாம் பக்கத்தில்தான் வந்தது. அவர் சொன்னதெல்லாம் உண்மையாக இருக்கலாம், ஆனால் பார் கவுன்சிலில் படிக்கிறவரும் ஒரு வக்கீல்தான். நாள் முழுக்கப் பிராது படிக்கிற கண் அது. தேதி, தொகை, ஆவண எண், இந்த மூன்றும் இருக்கிற பத்தியில் அது நிற்கும். மற்றதைத் தாண்டிப் போய்விடும். பதினோரு பக்கத்தை மூன்று பக்கமாக்கினோம். பெரியவர் சாபத்தை மட்டுமாவது விடச் சொன்னார். வேண்டாமென்றேன்.

புகார் ஒரு மனுவின் வடிவில் இருக்க வேண்டும். மேலே "தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் முன்பு" என்று போட்டு, புகார்தாரரின் பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், முகவரி, எதிரே வக்கீலின் பெயர், என்ரோல்மென்ட் நம்பர், முகவரி. பிறகு எண் போட்ட பத்திகள், ஒரு பத்திக்கு ஒரு சம்பவம். தமிழிலேயே எழுதலாம். மாநில மொழியில் புகார் தர விதியிலேயே இடம் இருக்கிறது, பின்னால் டெல்லியில் இருக்கும் இந்திய பார் கவுன்சிலுக்குப் போக வேண்டி வந்தால் மொழிபெயர்த்து அனுப்புவது மாநில பார் கவுன்சிலின் வேலை. "இங்கிலீஷ்ல இருந்தாத்தான் மதிப்பாங்க" என்பதை நம்பி, யாரோ எழுதித் தந்த, உங்களுக்கே புரியாத இங்கிலீஷ் மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்கு அதன் மேல்தான் உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார்கள்.

என் புகாரின் நடுவில் இருந்த இரண்டு பத்தியைத் தருகிறேன், நடை பிடிபடும்:

"6. மேற்படி அசல் வழக்கு 14.3.2017 அன்று வாதி தரப்பில் ஆஜரின்மையால் தள்ளுபடி செய்யப்பட்டது. உத்தரவின் சான்றிட்ட நகல் ஆவணம் 3. இந்த உத்தரவு பற்றி எதிர்மனுதாரர் எனக்கு எழுத்து மூலமாகவோ வாய்மொழியாகவோ தெரிவிக்கவில்லை.

7. 9.8.2017 அன்று, மேற்படி வழக்கில் கமிஷனர் நியமிக்க வேண்டியிருப்பதாகக் கூறி, எதிர்மனுதாரர் கேட்டதன் பேரில் அவருடைய வங்கிக் கணக்கில் ரூ.6,000 செலுத்தினேன். சலான் ஆவணம் 4. அந்தத் தேதியில் மேற்படி வழக்கு நிலுவையில் இல்லை."

பாருங்கள், "ஏமாற்றினார்" என்ற சொல்லே இதில் இல்லை. ஏழாம் பத்தியின் கடைசி வரியை அடித்துவிட்டு நானே கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குமேல் சேர்க்க எதுவும் தோன்றவில்லை.

உங்களுக்குச் சாதகமில்லாததையும் மறைக்காதீர்கள். ஃபீஸில் பாக்கி இருந்தால், "ரூ.4,000 பாக்கி உள்ளது" என்று நீங்களே எழுதிவிடுங்கள். அவர் சொல்லி வெளியே வந்தால் அது ஆயுதம், நீங்கள் சொல்லிவிட்டால் வெறும் தகவல். எந்த விதியை மீறினார் என்பதை முடிவில் ஒரு பத்தியில் எண்ணோடு குறிப்பிடலாம். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், தப்பான விதியைப் போடுவதைவிட அது மேல். கடைசியில் கோரிக்கை: 35-ஆவது பிரிவின் கீழ் விசாரித்துத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். "தூக்கில் போட வேண்டும்" என்று ஒருவர் அடிக்கச் சொன்னதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

அடியில் சரிபார்ப்பு. இதை விட்டுவிட்டுத்தான் பல புகார்கள் திரும்பி வருகின்றன. சிவில் வழக்கின் பிராதில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும்: எந்தெந்தப் பத்திகள் உங்கள் சொந்த அறிவில் தெரிந்தவை, எந்தெந்தப் பத்திகள் பிறர் சொல்லக் கேட்டு உண்மையென்று நம்புகிறவை என்று எண்ணைக் குறிப்பிட்டு, இடம், தேதி போட்டுக் கையெழுத்து. கூடவே ஓர் அபிடவிட்டும் போட்டு நோட்டரியிடம் அத்தாட்சி வாங்கிவிடுங்கள். ஆவணப் பட்டியலுக்குத் தனித்தாள், ஒவ்வொரு நகலின் மேல் மூலையிலும் ஆவண எண், எல்லாப் பக்கத்துக்கும் தொடர் எண். இதெல்லாம் டைப்பிஸ்ட்டின் கிறுக்கு என்று நினைக்காதீர்கள். விசாரணையில் "ஆவணம் 4, பக்கம் 11" என்று நீங்கள் சொல்லும்போது விசாரிக்கிற குழுவின் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே தாளைப் புரட்ட வேண்டும்.

எங்கே கொடுப்பது

பார் கவுன்சிலையும் பார் அசோசியேஷனையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊர்க் கோர்ட்டில் இருக்கும் வழக்கறிஞர் சங்கம், பேருக்கேற்ற மாதிரி சங்கம்தான். அங்கே சொன்னால் தலைவர் இருவரையும் கூப்பிட்டுப் பேசி வைக்கலாம், சில சமயம் கட்டும் பணமும் அதிலேயே திரும்பி வந்துவிடும். ஆனால் தண்டிக்கிற அதிகாரம் அதற்குக் கிடையாது. அதிகாரம் உள்ளது மாநில பார் கவுன்சிலுக்கு. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து ஒன்றுதான், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. வக்கீல் எந்த ஊரில் தொழில் செய்தாலும், எந்த மாநிலப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதோ அந்தக் கவுன்சிலுக்குத்தான் போக வேண்டும்.

புகாரோடு கட்டணமும் கட்ட வேண்டும். எவ்வளவு, யார் பெயரில் டிராஃப்ட், எத்தனை செட் என்பதை அனுப்புகிற வாரத்தில் அலுவலகத்துக்கு போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள், பழைய ஆள் சொன்ன தொகையை நம்பி எடுக்காதீர்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் சீல் வாங்குங்கள். தபாலில் என்றால் ஒப்புகை. குறை இருந்தால் செயலாளர் நிவர்த்தி செய்யச் சொல்லி எழுதுவார், அது நிராகரிப்பு இல்லை. அந்தக் கடிதத்தைப் பார்த்து மனம் உடைந்து விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். சரிபார்ப்பில் ஒரு வரி, ஒரு கூடுதல் செட், அவ்வளவுதான் கேட்டிருப்பார்கள்.

கொடுத்த பிறகு

புகார் ஒழுங்காக இருந்தால் பதிவு செய்து கவுன்சிலின் முன் வைப்பார்கள். அதற்கு முன்னாலேயே வக்கீலிடம் விளக்கம் கேட்பதும், உங்களிடம் கூடுதல் விவரம் கேட்பதும் உண்டு. அவருடைய விளக்கத்தின் நகல் கிடைத்தால் உட்கார்ந்து பத்தி பத்தியாகப் பதில் எழுதுங்கள். எனக்கு வந்த விளக்கத்தில், 6,000 ரூபாய் "பழைய டைப்பிங் கணக்கில் தந்தது" என்று இருந்தது. யார் யாருக்கு டைப்பிங் கணக்குத் தர வேண்டும் என்பதை அவர் மறந்துவிட்டார்! என் கடைக் கணக்கு நோட்டின் நகல் ஆவணம் 9 ஆனது.

புகாரில் சரக்கு இருப்பதாகக் கவுன்சில் கருதினால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். மூன்று பேர்: இருவர் கவுன்சில் உறுப்பினர்கள், ஒருவர் வெளியிலிருந்து சேர்க்கப்பட்ட அனுபவமுள்ள வக்கீல். ஆளை வரவழைக்க, சத்தியம் வைத்து விசாரிக்க, ஆவணம் கொண்டுவரச் சொல்ல, சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் இவர்களுக்கும் உண்டு. "வக்கீல்களே வக்கீலை விசாரித்தால் நியாயம் கிடைக்குமா" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். என்னை விசாரித்த மூவரில் ஒருவர் என்னிடமே கடுகடுவென்று பேசினார், ஆனால் சலானைப் பார்த்ததும் அதே கடுகடுப்பு எதிர்ப்பக்கம் திரும்பியது. அதற்கு மேல் எனக்கு அனுபவம் இல்லை.

உங்களைக் கூண்டில் ஏற்றாத குறையாகக் குறுக்கு விசாரணை நடக்கும். ஒருவருடைய பிழைப்பே போகக்கூடிய விசாரணை என்பதால், ஆதாரமும் அந்த அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். தெரிந்ததைத் தெரியும் என்றும் மறந்ததை மறந்துவிட்டேன் என்றும் சொல்லுங்கள். வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள், நீங்கள் இல்லாமலே விசாரித்து முடித்துவிடலாம்.

இதற்கு நடுவில் சமாதானத்துக்கு ஆள் வரும். எனக்கு வந்தவர் அந்த வக்கீலின் சீனியர், நான் மதிக்கிற மனிதர். கடை ஸ்டூலில் உட்கார்ந்து, "பணத்தை வாங்கிக்கம்மா, வாபஸ் வாங்கிடு, அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்றார். உங்களுக்கு வர வேண்டிய பணத்தையும் கட்டையும் வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. எதற்காக, எவ்வளவு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வாபஸ் வாங்கியதாலோ சமாதானம் ஆனதாலோ மட்டும் புகாரை மூடிவிடக் கூடாது என்று விதி சொல்கிறது. அதைத்தான் அவரிடமும் சொன்னேன். "நான் வாபஸ் வாங்கினாலும் அது தானா நிக்காதாம் சார்." அவருக்குத் தெரியாததா? டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

புகார் வந்து ஒரு வருஷத்துக்குள் மாநிலக் குழு முடிக்க வேண்டும் என்கிறது 36பி பிரிவு. முடிக்காவிட்டால் கோப்பு டெல்லியில் இருக்கும் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். கேட்க நல்ல விதிதான். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் டெல்லி வாய்தாவுக்கு ரயில் டிக்கெட் எடுக்கிறபோதுதான் அதன் மறுபக்கம் தெரியும். ஆகவே உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வாய்தாகூட நீட்டிக்கேட்காதீர்கள். என்னுடையது பன்னிரண்டாம் மாதத்தில் முடிந்தது, அது அதிர்ஷ்டம்.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

குழு நான்கில் ஒன்றைச் செய்யலாம்: புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், ஒரு காலத்துக்குத் தொழிலிலிருந்து நிறுத்தி வைக்கலாம், பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்கலாம். நிறுத்தி வைத்தால் அந்தக் காலத்தில் இந்தியாவில் எந்தக் கோர்ட்டிலும் அவர் ஆஜராக முடியாது.

பணத்தைத் திருப்பித் தரச் சொல்வது இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 1978-ல் ஒரு சென்னை வக்கீலின் வழக்கில், புரோநோட்டு வழக்குப் போடப் பணம் வாங்கிக்கொண்டு போடாமலே இருந்தவருக்கு, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் வித்தியாசமாக ஒன்று செய்தார். பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் தரச் சொன்னதோடு, ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி வேலை செய்யவும் வைத்தார். அழகான தீர்ப்பு. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், அது உச்ச நீதிமன்றம்.

பணம் வேண்டுமென்றால் சிவில் கோர்ட்டு. வக்கீல் என்ற ஒரே காரணத்தால், அசட்டையால் வந்த நஷ்டத்துக்கு வழக்குப் போட முடியாது என்று ஆகிவிடாது என 1926-ஆம் வருஷத்து வழக்கறிஞர் கட்டணச் சட்டமே சொல்கிறது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று இன்னும் கேட்கிறார்கள். அந்தக் கதவை 14.5.2024 அன்று உச்ச நீதிமன்றம் மூடிவிட்டது, வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. நம்பிக்கை மோசடி, போலி உத்தரவு என்றால் போலீஸில் தனிப் புகார், பார் கவுன்சில் புகார் அதைத் தடுக்காது. இலவசச் சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் உங்களிடம் ஃபீஸ் கேட்டால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும் எழுதிக் கொடுங்கள். அங்கே நடவடிக்கை பெரும்பாலும் சீக்கிரம் நடக்கும்.

எனக்குக் கிடைத்தது, அவருக்கு ஒரு கண்டிப்பு. இரண்டு வரி. நிறுத்தி வைத்திருக்கலாம் என்று எனக்கு இன்னமும் தோன்றுகிறது. மேல்முறையீடு செய்ய வக்கீலுக்கு மட்டுமில்லை, பாதிக்கப்பட்ட யாருக்கும் உரிமை உண்டு: இந்திய பார் கவுன்சிலுக்கு 60 நாளுக்குள், அதற்கு மேல் உச்ச நீதிமன்றத்துக்கு இன்னொரு 60 நாளுக்குள். அந்த 60 நாள், உத்தரவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட தேதியிலிருந்து ஓடும். அதனால் உத்தரவு வந்த கவரைக் கிழித்துக் குப்பையில் போடாதீர்கள். தபால் முத்திரை தெரிகிற மாதிரி அதையும் உத்தரவோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். நான் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை, ஆனால் என் கவர் இன்னும் அந்தத் தையல் டப்பாவில்தான் இருக்கிறது.